முகத்தைக் கழுவிட்டு உக்காருங்க

“பவுடர் ஆரு பூசி உட்டது? ஏனுங்க, உங்களை என்ன மாப்பிள்ளை பாக்கவா வாராங்க? போயி முகத்தைக் கழுவிட்டு வந்து உக்காருங்க.”

எழுபதைத் தாண்டிய அந்தப் பெரியவர் அசடு வழியச் சிரித்துவிட்டுக் குழாயடிக்குப் போனார். கையில் துண்டுடன் பின்னாலேயே போனார் கலைமணி சிஸ்டர். கன்னத்தைக் கழுவினால் மட்டும் போதாது, காது மடலுக்குப் பின்னாலும் பார்ப்பார். அங்கே வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தால் மறுபடியும் குழாயடிதான். பெஞ்சில் காத்திருந்த இரண்டு பெண்கள், தங்கள் முறை வருவதற்கு முன்பே முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொள்வதை நான் பார்த்தேன். “துடைச்சாப் போவாதுங்க, தண்ணி ஊத்தோணும்” என்று திரும்பிப் பார்க்காமலே சிஸ்டரிடமிருந்து குரல் வந்தது.

கொல்லிமலையில் திருப்புலி நாடு என்கிற பகுதியில் மரவள்ளிக் காடுகளுக்கு நடுவே இருக்கிறது இந்தத் துணை சுகாதார நிலையம். உள்ளே மேசைமேல் ஒரு தாங்கி, அதில் ஒரு டேப்லெட். அதைத் திறந்தால் நாமக்கல்லில் உட்கார்ந்திருக்கும் டாக்டர் சண்முகப்பிரியா தெரிவார். மலைக்காரர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் டாக்டர் பெட்டி. பெட்டிக்குரிய லட்சணம் ஒன்றுகூட அதற்குக் கிடையாது, தட்டையாகப் பலகை மாதிரி இருக்கிறது. இருந்தாலும் பெட்டிதான். அதன் முன்னால் கழுவிய முகத்தோடுதான் உட்கார வேண்டும் என்பது கலைமணி போட்ட சட்டம். நெற்றியில் குங்குமம் இருக்கலாம், தலையில் பூ இருக்கலாம். மஞ்சளும் பவுடரும் கூடவே கூடாது.

இது ஒரு கிறுக்கு என்றுதான் நான் முதலில் நினைத்தேன். ஆளுக்கொரு கிறுக்கு இருந்தால்தான் என்னைப் போன்ற பத்திரிகைக்காரர்களின் பிழைப்பு ஓடும் என்று உள்ளூர சந்தோஷப்படவும் செய்தேன். காரணத்தைக் கேட்ட பிறகு நினைப்பை மாற்றிக்கொண்டேன்.

கலைமணிக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். நல்ல உயரம், கனத்த குரல், மடிப்புக் கலையாத வெள்ளைக் கோட்டு, கண்ணில் தாராளமாக மை. இதே நாட்டில் பிறந்தவர். அடக்கம் என்பது அவருக்குச் சுத்தமாக வராது. அறிமுகமாகி ஒரு டம்ளர் டீ ஆறுவதற்குள், ஊரிலிருந்து கீழே போய் நர்ஸ் படிப்பு படித்த முதல் பெண் தான்தான் என்பதையும், சுற்றுவட்டாரத்தில் பாதிப் பிள்ளைகள் தன் கையில்தான் கண் திறந்தார்கள் என்பதையும் சொல்லிவிட்டார். “நான் இல்லீன்னா இங்க பள்ளிக்கூடத்துக்குப் புள்ளைங்க ஏதுங்க?” என்று கேட்டுவிட்டு, நான் எழுதிக்கொள்கிறேனா என்று எட்டிப் பார்த்தார். எழுதிக்கொண்டேன். எழுதாமல் அங்கிருந்து நகர்ந்துவிட முடியும் என்று தோன்றவில்லை.

இப்படிப்பட்டவருக்கு அந்தப் பெட்டி வந்து சேர்ந்தபோது எப்படி இருந்திருக்கும்? எட்டிக்காயாகக் கசந்திருக்கிறது. வயிற்றில் கையை வைத்தே பிள்ளையின் தலை எந்தப் பக்கம் என்று சொல்லிப் பழகியவர். “கை வெச்சுப் பாத்தவளை, செல்லைப் புடிச்சுக்கிட்டு நில்லுன்னுட்டாங்க” என்று அந்த நாட்களைப் பற்றிப் பேசும்போது இப்போதும் அவருக்கு மூக்கு விடைக்கிறது. கொஞ்ச காலம் அதன்மேல் ஒரு துணியைப் போட்டு மூடியே வைத்திருந்தாராம். ஏன் உபயோகிக்கவில்லை என்று மேலதிகாரிகள் கேட்டால் சிக்னல் இல்லை என்று சொல்லிவிடுவாராம். கொல்லிமலையில் உட்கார்ந்துகொண்டு சிக்னல் இல்லை என்றால் யார் மறுக்க முடியும்?

ஒருவழியாகத் துணியை எடுத்த பிறகு நடந்தது பழனியம்மாள் விவகாரம்.

பழனியம்மாள் பக்கத்து ஊர்க்காரர். மிளகும் மரவள்ளியுமாகக் கொஞ்சம் நிலம், போர்வெல் லாரியில் வேலைக்குப் போகும் ஒரே மகன். போன வருடம் பசி இல்லை, உடம்பெல்லாம் அசதி என்று வந்தார். டாக்டர் தன்னைப் படத்தில் பார்க்கப் போகிறார் என்று கேள்விப்பட்டுத் தலைக்குக் குளித்து, கல்யாணத்துக்குக் கிளம்புகிற மாதிரி முகம், கழுத்து, கை எல்லாவற்றிலும் மஞ்சளை அப்பிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார். அறையில் அப்போது இருந்தது மங்கலான ஒரு குண்டு பல்பு. படத்தில் முகம் மஞ்சள், கை மஞ்சள், அந்த வெளிச்சத்தில் கண்ணும் மஞ்சள். வந்தவர் பசி இல்லை என்று வேறு சொல்கிறார். டாக்டர் என்னத்தைக் கண்டார்? காமாலையாக இருக்கலாம், உடனே கீழே வந்து ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். பழனியம்மாள் கொண்டை ஊசி வளைவு எழுபதிலும் வாந்தி எடுத்துக்கொண்டே இறங்கினார். ரத்தத்தில் ஒன்றும் இல்லை. ஊசி குத்துவதற்காகக் கையை ஈரப் பஞ்சால் துடைத்தபோதே காமாலை பஞ்சோடு வந்துவிட்டதாம்.

ஊர் ஊராகச் சொல்லிச் சிரித்தார்கள். மஞ்சளையும் காமாலையையும் பிரித்துப் பார்க்கத் தெரியாத பெட்டி என்று பேர் வாங்கிவிட்டது. அதன்பிறகு பல வாரம் அதன் முன்னால் உட்கார ஓர் ஆள் வரவில்லை, மறுபடியும் அதன்மேல் துணி ஏறிவிட்டது. பக்கத்திலேயே நின்ற உங்களுக்குமா தெரியவில்லை என்று கலைமணியிடம் கேட்டேன்.

“அதுதானுங்க கூத்து. எனக்கு மஞ்சள் பூசுன முகம்தான் முகம். பொறந்ததுல இருந்து அதைத்தான பாக்கறேன். அது மஞ்சளா இருக்குதுன்னே என் கண்ணுக்குப் படலீங்க.”

ஊர் சிரித்த சிரிப்புதான் அவரை மாற்றியது. பெட்டியை மட்டும் பார்த்துச் சிரித்திருந்தால் அவரும் கூடச் சேர்ந்து சிரித்திருப்பார். ஆனால் ஊர் சிரித்தது அவருடைய ஆஸ்பத்திரியைப் பார்த்து. அதை அவர் எப்படிப் பொறுப்பார்? மூடியிருந்த துணியை உருவி எறிந்தார். அடம்பிடித்து ட்யூப் லைட் போட வைத்தார். மேசையை இழுத்து ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழுகிற மாதிரித் திருப்பினார். குழாயடியில் சோப்பு வந்தது, கொடியில் துண்டு வந்தது. இனிமேல் நான் கழுவிக் காட்டுகிற முகத்தைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும் என்று டாக்டரிடமும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். டாக்டர் மறுபேச்சு பேசவில்லையாம்.

முகம் தெளிந்தது. வாய் திறக்க வேண்டுமே! மலைக்காரர்களின் மரியாதை அடுத்த தொல்லை. டாக்டர் அவர்கள் கண்ணுக்கு வீடு தேடி வந்த விருந்தாளி. விருந்தாளி நலம் விசாரித்தால் நல்லபடியாக இருப்பதாகச் சொல்வதுதான் முறை. எடுத்த எடுப்பில் நோவைக் கொட்டுவதா? இருமி இருமி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கூட, எப்படி இருக்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்து, “நல்லாருக்கறனுங்க டாக்டரம்மா, நீங்க சாப்ட்டீங்களா?” என்பார். பாவம் டாக்டர், என்னத்தை மருந்து எழுதுவார்?

இதற்கும் கலைமணி ஒரு வழி கண்டுபிடித்தார். டாக்டர் இப்போது நோயாளியிடம் நலம் விசாரிப்பதே கிடையாது. கலைமணிதான் பெட்டியை மறந்துவிட்டவர் மாதிரி நாற்காலியைத் திருப்பிப் போட்டு, மாமன் என்றும் சித்தி என்றும் முறை சொல்லி அழைத்து, ஊர்க்கதையில் ஆரம்பித்து நோவுக்கு வந்து சேருவார். அந்தப் பக்கம் டாக்டர் மூச்சுக் காட்டாமல் கேட்டுக்கொண்டிருப்பார். “ஒட்டுக் கேக்கறதுல எங்க டாக்டரம்மாவை அடிச்சுக்க ஆளில்லீங்க” என்று கலைமணி என்னிடம் சொன்னபோது, படத்திலிருந்த டாக்டர் சிரித்துவிட்டார். சின்ன வயது டாக்டர்தான், முப்பதுக்குள் இருக்கும். இருவரும் அதுவரை நேரில் சந்தித்ததே இல்லை என்று கேட்டபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. குணமானவர்கள் பலாப்பழமும் மலைவாழைத் தாரும் கொண்டுவந்து பெட்டிக்கு முன்னால் வைத்துவிட்டுப் போகிறார்கள். கலைமணி அவற்றைப் பஸ்ஸில் ஏற்றி நாமக்கல்லுக்கு அனுப்பிவிடுகிறார்.

ஆனால் பழனியம்மாள் மட்டும் பெட்டிப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. கலைமணிக்கு அது தொண்டையில் மாட்டிய முள்.

நான் போயிருந்த அன்று வெயில் ஏறிய பிறகு அந்தப் பழனியம்மாளே வந்தார், மருமகள் யமுனாவைக் கூட்டிக்கொண்டு. யமுனாவுக்குத் தலைப்பிரசவம், ஒன்பதாம் மாதம். புருஷன் கார்த்தி போர்வெல் லாரியோடு வடக்கே எங்கோ போயிருந்தான். பழனியம்மாள் உள்ளே வரவில்லை, வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். வழக்கமாகப் பார்ப்பதைப் பார்த்து மாத்திரை கொடுத்து அனுப்பினால் போதும், பெட்டியிடமெல்லாம் காட்ட வேண்டாம் என்று அங்கிருந்தே சொன்னார்.

யமுனாவின் முகத்தில் அப்பின மாதிரிப் பவுடர். கலைமணி கிண்டல் செய்துகொண்டே குழாயடிக்குக் கூட்டிப் போனார். கழுவி நிமிர்ந்த முகத்தைப் பார்த்ததும் கிண்டல் நின்றுவிட்டது. முகம் நீர் கோத்து உப்பியிருந்தது. உள்ளே கூட்டிவந்து பிரஷர் பார்த்தார். கொஞ்ச நேரம் உட்காரவைத்து மறுபடியும் பார்த்தார், இறங்கவில்லை. வரிசையில் இருந்தவர்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுப் பெட்டியைத் திறந்தார்.

மாசமாக இருக்கிறவளுக்குப் பிரஷர் எகிறினால் என்ன ஆகும் என்று மலையில் எல்லோருக்கும் தெரியும். ஜன்னி என்பார்கள். வலிப்பு வந்துவிட்டால் தாயும் போகலாம், வயிற்றுப் பிள்ளையும் போகலாம். அது வருவதற்கு முன்பே அவளைக் கீழே நாமக்கல்லில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தாக வேண்டும். வலிப்பு எவ்வளவு நெருங்கிவிட்டது என்று தெரிந்தால்தான் எவ்வளவு அவசரம் என்று சொல்ல முடியும்.

தலைவலி உண்டா என்று கலைமணி கேட்டார். இல்லை என்றாள் யமுனா. கண் மங்குகிறதா? அதுவும் இல்லை, நன்றாக இருக்கிறேன் என்றாள். கலைமணியின் சாமர்த்தியம் அன்றைக்குப் பலிக்கவில்லை. வந்து ஒரு வருடம் ஆகாத மருமகள், கூப்பிடு தூரத்தில் மாமியார். அந்தப் பெண் வாயைத் திறப்பாளா? அப்போதுதான் பெட்டிக்குள்ளிருந்து டாக்டர் தாழ்ந்த குரலில் பேசினார்.

“சிஸ்டர், ஜன்னல் பக்கம் முகம் திரும்பும்போதெல்லாம் கண்ணைச் சுருக்கறாங்க. வெளிச்சம் தாங்கல. இன்னொரு தடவை கண்ணைப் பத்திக் கேளுங்க.”

கலைமணி எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து தரையில் உட்கார்ந்து, யமுனாவின் வீங்கிய பாதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“அடுப்புகிட்டக் குனிஞ்சு நிமிந்தா கண்ணு முன்னால மின்னாம்பூச்சி பறக்குதா சாமி?”

யமுனாவுக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. “ரெண்டு மூணு நாளா எல்லாமே ரெட்டையாத் தெரியுதுங்க்கா. தலை வெடிச்சர்றாப்ல நோவுது. சொன்னா, வேலைக்குச் சாக்குச் சொல்றான்னு நெனைப்பாங்க.”

மற்றதெல்லாம் மளமளவென்று நடந்தது. வலிப்பு வராமலிருக்க இப்போதே ஊசி போட வேண்டும், இப்போதே கீழே அனுப்ப வேண்டும் என்றார் டாக்டர். கலைமணி நூற்றெட்டுக்குப் போன் செய்துவிட்டு, கதவைத் திறந்து பழனியம்மாளிடம் விஷயத்தைச் சொன்னார்.

“மஞ்சளைக் காமாலைன்னு சொன்ன டாக்டருதான கண்ணு? என்னைய அலைய உட்டது பத்தாதா? மாசமா இருக்கறவளை அத்தனை வளைவுல உருட்டி உட்டா, வழியிலயே ஏதாச்சும் ஆயிப்போகும். நான் அனுப்பமாட்டேன்.”

கலைமணி கத்தப் போகிறார் என்று நான் காத்திருந்தேன். ஆள் அப்படி. ஆனால் அவர் உள்ளே போய்ப் பெட்டியைத் தாங்கியிலிருந்து கழற்றிக்கொண்டு வந்தார். படியில் பழனியம்மாளுக்கு எதிரே குந்தி உட்கார்ந்து, இரண்டு கையாலும் அதை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

“அம்மா, அன்னைக்கு நான் சொன்னது தப்பு” என்றார் டாக்டர். “உங்களை வீணா அலைய வெச்சிட்டேன். என்னை மன்னிச்சிருங்க. இன்னைக்கு நான் சொல்றதும் தப்பா இருந்தா, ரெண்டு பேரும் நல்லபடியாத் திரும்பி வந்து ஊரெல்லாம் சொல்லிச் சிரிங்க. நான் வாங்கிக்கறேன். ஆனா நான் சொல்றது சரியா இருந்து, நீங்க போகாம இருந்துட்டா, உங்க மருமகளும் இருக்க மாட்டா, பேரப்பிள்ளையும் இருக்காதும்மா.”

எத்தனையோ டாக்டர்களைப் பார்த்திருக்கிறேன். தப்பு என்ற சொல்லைத் தங்களைப் பற்றிச் சொன்ன ஒருவரைக்கூட அதுவரை நான் பார்த்ததில்லை. பழனியம்மாளும் பார்த்திருக்க மாட்டார். கண் கொட்டாமல் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கலைமணியைப் பார்த்து, நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டார்.

“எனக்குக் கூடப் பொறந்தவளா இருந்தா, இந்நேரம் அடிவாரத்துல இருப்பனுங்க.”

பழனியம்மாள் சேலையை உதறிக்கொண்டு எழுந்தார். “வண்டி எங்க வந்துட்டு இருக்குதுன்னு கேளு” என்றார்.

டாக்டர் அளவு சொன்னார், கலைமணி அதைத் திருப்பிச் சொன்னார், மருந்துக் குப்பியைப் படத்துக்கு நேராகக் காட்டினார், ஊசி போட்டார். வண்டி வந்ததும், அதில் வந்த ஊழியரிடம் டாக்டரே பெட்டி வழியாகப் பேசி, போகிற வழியில் என்னென்ன கவனிக்க வேண்டும் என்று சொன்னார். மலை இறங்கும் வழியில் பாதி தூரம் போன் எடுக்காது. யமுனாவையும் பழனியம்மாளையும் ஏற்றிக்கொண்டு வண்டி திரும்பி மறைந்தது.

நீங்களும் கூடப் போயிருக்கலாமே என்று கலைமணியிடம் கேட்டேன். பெஞ்சைக் காட்டினார். ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். சாயங்காலம்வரை கலைமணி வேலை பார்த்தார். யாரையும் கிண்டல் செய்யவில்லை. முகம் கழுவி வந்த ஒருவரை மறுபடியும் கழுவி வரச் சொன்னார், அவரும் பயந்துகொண்டு போனார். கைக்கு ஓய்வு கிடைத்தபோதெல்லாம் போனை எடுத்துப் பார்த்தார். அப்படி ஒரு நேரத்தில்தான், நான் கேட்காமலே சொன்னார்.

“பக்கத்துல உக்காந்திருந்த எனக்குத் தெரியல. மலைக்குக் கீழ உக்காந்திருந்தவங்களுக்குத் தெரிஞ்சுது. இதைச் சொல்றதுக்கு எனக்கு வெக்கம் இல்லீங்க. அவங்களுக்கு அந்தக் கண்ணை ஜன்னலுக்கு நேரா உக்கார வெச்சுக் காட்டுனது நாந்தான? பெருமையா இருக்குதுங்க. புள்ளை நல்லபடியாப் போய்ச் சேந்துட்டா இன்னும் பெருமையா இருக்கும்.”

பொழுது சாய்ந்து தகவல் வந்தது. போய்ச் சேர்ந்துவிட்டார்கள், வலிப்பு வரவில்லை, ஆபரேஷனுக்கு எடுத்துப் போயிருக்கிறார்கள். அதற்குமேல் தெரியவில்லை. நான் மலைமேலேயே செம்மேட்டில் தங்கிவிட்டு மறுநாள் காலை முதல் பஸ்ஸில் மறுபடியும் சுகாதார நிலையத்துக்குப் போனேன். அதே பஸ்ஸில் வாசலூர்பட்டிப் படகுத்துறைக்குப் போகிற உல்லாசப் பயணிகளின் பாட்டையும் கும்மாளத்தையும் அன்றைக்கு என்னால் ரசிக்க முடியவில்லை.

கலைமணி எனக்கு முன்பே வந்திருந்தார். பெட்டி மணியடித்தபோது குழாயடியிலிருந்து ஈரக்கையோடு ஓடிவந்தார். படத்தில் டாக்டர் தன்னுடைய அறையில் இல்லை. போனைக் கையில் பிடித்தபடி வார்டுக்குள் நடந்து போய்க்கொண்டிருந்தார். கட்டில்கள் ஆடி ஆடி நகர்ந்தன. ஒரு கட்டிலில் யமுனா படுத்திருந்தாள். சோர்ந்திருந்தாள், ஆனாலும் சிரித்தாள். பக்கத்தில் நின்ற பழனியம்மாள், வெள்ளைத் துணியில் சுற்றியிருந்த பேத்தியைப் படத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.

“கலைமணி, பாரு. உன்னையப் பாக்கத்தான் கண்ணைத் தொறந்துக்கிட்டு இருக்கறா” என்றார்.

பெஞ்சில் இருந்தவர்களெல்லாம் எழுந்து வந்து பின்னால் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். பச்சைப் பிள்ளைக்கு மை வைக்காதே என்று ஊர் ஊராகப் போய்த் தாய்மார்களைத் திட்டுகிறவர் கலைமணி. கையைக் கோட்டில் துடைத்துக்கொண்டார், தன் கடைக்கண்ணில் சுட்டுவிரலை ஒற்றி மையை எடுத்தார், படத்தில் அந்தப் பிள்ளையின் கன்னம் இருந்த இடமாகப் பார்த்துப் பெட்டியின் கண்ணாடிமேல் ஒரு பொட்டு வைத்தார்.